சீல் மேல் வைத்த குங்குமம்

ரகு,

நீ விட்டுவிட்டுப் போன நீலத் துண்டை உன் அம்மா துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். அதை அனுப்பட்டுமா என்று கேட்கத்தான் அப்பா எழுதியிருக்கிறார் என்று நினைத்து நீ இந்த உறையைப் பிரித்திருப்பாய். இல்லை. நான் கோபமாக இருக்கிறேன். பூஜை விடுமுறைக்குக் கல்கத்தா வந்த பிள்ளையிடம் முகம் சுளிக்கக் கூடாது என்று அன்றைக்கு அடக்கிக்கொண்டேன். நீ பெங்களூருக்கு ரயிலேறிப் போன பிறகும் அது அடங்கவில்லை. வயதானால் கோபம் குறையும் என்கிறார்கள். எனக்குக் குறைந்தபாடில்லை. போனில் பேசினால் நடுவில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

நவமி அன்று மத்தியானம் சாப்பிடும்போது நீ இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொன்னாய். முதலாவது, நீ புதிதாகக் கட்டியிருக்கும் கேமிங் கம்ப்யூட்டர். பிராசஸருக்கு மேல் செப்புக் குழாய்கள் ஓடும் பெரிய கூலர், முன்னால் காற்றை இழுக்க ஃபேன், பின்னால் வெளியே தள்ள ஃபேன், பக்கவாட்டில் உள்ளே எல்லாம் தெரியும் கண்ணாடி போன்ற பலகை. "எப்ப வேணும்னாலும் திறந்து பார்க்கலாம்ப்பா, ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம், கையாலயே திருகிடலாம்" என்றாய். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ரசத்தை ஊற்றிக்கொண்டே இரண்டாவதையும் சொன்னாய். உன் கம்பெனியின் சர்வீஸ் பிரிவில், வாரண்டி கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கும் மேஜை இப்போது உன்னுடையது. அந்த மேஜைக்கு ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர், தன் மகளுக்கு வாங்கிய கம்ப்யூட்டரைப் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்தார். அது தானாகவே அணைந்து அணைந்து போகிறதாம்.

"நான் ஸ்விட்சே போடலப்பா. பெட்டி மேல ஒட்டின வாரண்டி சீல் கிழிஞ்சிருந்தது. ரிஜெக்ட்னு போட்டுட்டேன். தூசி துடைக்கத்தான் சார் திறந்தேன்னு மனுஷன் நின்னு கெஞ்சறார். எல்லாரும் அதையேதான் சொல்வாங்க" என்று சொல்லிச் சிரித்தாய்.

"அவர் பேர் என்னடா?" என்று கேட்டேன்.

"பேரா? டிக்கெட் நம்பர் வேணா பார்த்துச் சொல்றேன்."

மோர் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு நான் எழுந்தேன். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்றாய். வயிறு சரியில்லை என்றேன். என் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. உன் அம்மாவுக்கு அது தெரியும். நீ கை கழுவப் போனபோது அவள் பாத்திரங்களை அடுக்கியபடி, "சாஹா பாபுவைத் தேடி இனிமே சாந்தினிக்குப் போக வேண்டாம், நம்ம வீட்லயே ஒருத்தர் இருக்கார்" என்றாள். அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

சாஹா பாபுவை நீ மறந்திருக்க முடியாது என்றுதான் நினைத்திருந்தேன். நீ பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த கோடையில்தான் உனக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போனோம். அதற்கு முந்தைய வருஷம் முழுக்க ஜாதவ்பூரில் நடைபாதைக் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளை நின்றபடியே படித்தாய். "கின்பி, நா ஷுது பொட்பி?" என்று கடைக்காரர் விரட்டுவார், வாங்குவாயா, சும்மா படித்துவிட்டுப் போவாயா என்று. நீ அடுத்த கடைக்கு நகர்வாய். வீட்டுக்கு வந்து என்னிடம் ஒவ்வொரு பாகத்துக்கும் வாதாடுவாய். ஆங்கிலப் பத்திரிகையில் செய்தியாளனாக இருக்கிறவன், கேள்வி கேட்டே பழகியவன் நான். உன்னையும் விடவில்லை.

"இந்தப் பிராசஸர் எதுக்கு? நீயே இது சூடாகும்னு சொல்றே."

"இந்த விலைக்கு இதுதான்ப்பா வேகம்."

"சூடாகும்னு தெரிஞ்சே வாங்கணுமா?"

"சூடாகறது தப்பில்லப்பா. சூடு வெளிய போக வழி இல்லாததுதான் தப்பு."

பிறகு டீ டம்ளரையும் கரண்டியையும் வைத்து எனக்குப் பாடம் எடுத்தாய். பிராசஸரின் சூடு அதன் மேல் உட்காரும் உலோகக் கட்டிக்குப் போக வேண்டும். கட்டியிலிருந்து ஃபேன் காற்றுக்கு, பெட்டியிலிருந்து அறைக்கு. பிராசஸருக்கும் கட்டிக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் போச்சு, அதனால்தான் அங்கே பசை. கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட வேண்டும், அதற்கும் மூச்சு உண்டு. பவர் சப்ளையை லேபிளைப் படித்து வாங்கக் கூடாது, கையில் தூக்கிப் பார்த்து வாங்க வேண்டும், லேசாக இருந்தால் உள்ளே சரக்கு இல்லை. எத்தனையோ மந்திரிகள், பொறியாளர்கள் எனக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவு தெளிவாக யாரும் கொடுத்ததில்லை.

சாந்தினி சந்தையில் நாம் போன கடையின் கல்லாவில் சாஹா பாபு உட்கார்ந்திருந்தார். பின்னால் கண்ணாடித் தடுப்பு, அதற்குள் ஏசி, அங்கேதான் பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர்களைப் பூட்டுவார்கள். நீ கேட்ட பெரிய கூலர் இல்லை, பிராசஸர் பெட்டியோடு வருவதே போதும் என்றார். கூடுதல் ஃபேன் கேட்டதற்கு, "ஏத்தோ ஃபேன் தியே கீ ஹோபே? இவ்வளவு ஃபேன் வெச்சு என்ன பண்ணப்போறே, கம்ப்யூட்டர் பறக்கணுமா?" என்று சிரித்தார். நீ பக்கத்தில் நின்று பூட்டுவதைப் பார்க்கலாமா என்று கேட்டாய். "கோக்கா, தம்பி, ஆபரேஷன் பண்ணும்போது வீட்டுக்காரங்களை உள்ளே விடுவாங்களா?" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசியில் பெட்டியின் பின்பக்கம், பலகையும் சட்டமும் சேரும் விளிம்பில், கடைப் பெயர் அச்சடித்த சின்னச் சிவப்புக் காகிதத்தை ஒட்டினார்கள். அது கிழிந்தால் வாரண்டி இல்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தாள். "முன்னாடி வேண்டாம்மா, பசங்க பார்த்தா சிரிப்பாங்க" என்றாய். சரி என்று அவள் பின்பக்கத்தில் வைத்தாள். குழைத்த சந்தனத்தில் ஒரு பொட்டு, அதன் மேல் குங்குமம். அது பாதி தகரத்தின் மேலும் பாதி அந்தச் சிவப்புக் காகிதத்தின் மேலும் விழுந்தது. யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அந்தக் காலத்தில் எல்லார் வீட்டையும் போல நம் வீட்டிலும் தச்சரிடம் சொல்லிச் செய்த கம்ப்யூட்டர் மேஜை இருந்தது. தூசி படாமலிருக்கப் பெட்டியை வைக்க ஒரு குட்டி அலமாரி, அதற்குக் கதவு, கதவுக்குப் பூட்டு. நீ அதைப் பார்த்த பார்வை ஞாபகம் இருக்கிறது. "அப்பா, இது கம்ப்யூட்டர் வைக்கறதுக்கா, இட்லி வேக வைக்கறதுக்கா?" என்றாய்.

விளையாட ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அது அணைந்தது. அலமாரிதான் காரணம் என்று வெளியே எடுத்து வைத்தோம். அப்போதும் அணைந்தது. ஜன்னலைத் திறந்தோம், மேஜை விசிறியைப் பக்கத்தில் வைத்தோம். எழுத்து அடித்தால் தாங்கும், கேம் போட்டால் கறுப்பாகிவிடும். சூட்டின் அளவு காட்டும் திரையைத் திறந்து எண் ஏறுவதை எனக்குக் காட்டினாய். கேஸ் அடுப்பு மேல் வைத்தது போல ஏறியது. ஆனால் ஊரில் எல்லாருக்கும் காரணம் முதலிலேயே தெரிந்துவிட்டது: பையன் கேம் விளையாடுகிறான். எதிர்வீட்டு மித்ரா மாஷிமா, "விளையாடி விளையாடி இவன் தலையும் சூடு, அது தலையும் சூடு" என்றார். உன் அம்மாவின் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்திலும் அதே தீர்ப்புதான். நீ யாரிடமும் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் சாப்பாட்டைக் குறைத்தாய். நண்பர்கள் வந்து கேட்டால் ரிப்பேர் என்று சொல்லாமல், விளையாடப் பிடிக்கவில்லை என்று சொன்னாய்.

டாக்ஸியில் மடியில் வைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். சாஹா பாபு ஏசி அறையில் ஸ்விட்சைப் போட்டு, ஒன்றும் செய்யாமல் சும்மா ஓடவிட்டு, "தெகுன், எவ்வளவு அழகா ஓடுது, பாருங்க" என்றார். கூலரைக் கழற்றிப் பாருங்கள் என்று நீ சொன்னாய். கேம் விளையாடினால் சூடாகத்தான் செய்யும், கல்கத்தா வெயிலுக்கு அவர் என்ன செய்வார் என்றார். கடைசியில் விட்டுவிட்டுப் போகச் சொன்னார். சில நாள் கழித்துப் போனபோது, முழுக்கத் திறந்து சுத்தம் செய்து, பசை மாற்றி, சோதித்துவிட்டோம் என்றார். நன்றி சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டு வந்தோம்.

உன் அம்மாதான் அதைப் பார்த்தாள். ஒயரைச் சொருகும் முன் தூசி துடைக்கப் பின்பக்கம் குனிந்தவள் நிமிரவே இல்லை. "இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். பாதி தகரத்திலும் பாதி காகிதத்திலும் வைத்த பொட்டு அப்படியே இருந்தது. காய்ந்த சந்தனம் நகம் பட்டாலே உதிரும். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பலகையைத் திறக்காமல் உள்ளே போக வேறு வழியும் இல்லை. "திறக்கவே இல்ல. தொடவே இல்ல. பசை மாத்தினாராம்!" என்றாள். எத்தனையோ விசாரணை அறிக்கைகளைப் படித்தவன் நான், அதைவிடச் சுத்தமான சாட்சியம் பார்த்ததில்லை.

மறுநாள் அவள் அரை நாள் லீவு போட்டுவிட்டு நம்மோடு கடைக்கு வந்தாள். சாஹா பாபு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொட்டைப் பார்த்தார். நான் அவர் வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் நிமிர்ந்து, உன் அம்மாவை அண்ணி என்று மரியாதையாக அழைத்து, "பௌதி, சீல் மேல ரங், சாயம் ஏன்? சீலில் ஏதோ பண்ணியிருக்கீங்க. வாரண்டி கிடையாது" என்றார்.

"இது ரங் இல்ல, குங்குமம்" என்றாள் உன் அம்மா. பிறகு நல்ல வங்காள மொழியில், கடையில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி, "உங்க கல்லாப்பெட்டி மேல சிந்தூர்ல ஸ்வஸ்திக் போட்டிருக்கே. அதுக்காக உங்க கல்லாவை உடைச்சுட்டாங்கன்னு சொல்லலாமா?" என்றாள்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். சாஹா பாபு சிரிக்கவில்லை. "கல்லா என்னோடது பௌதி. சீலும் என்னோடது" என்றார்.

அந்த வார்த்தையை நான் இன்றுவரை மறக்கவில்லை. நாம் வாங்கிய பெட்டி, நம் வீட்டில் இருக்கும் பெட்டி. அதன் மேல் ஒட்டிய விரல் நீளக் காகிதம் அவருடையது, ஆகவே உள்ளே பார்க்கும் உரிமையும் அவருடையது. திறக்க வேண்டியவர் திறக்கவில்லை. திறந்தேன் என்று பொய் சொன்னார். பொய்யைக் காட்டிக் கொடுத்த பொட்டையே குற்றமாக்கினார்.

வீட்டுக்கு வந்ததும் நீ கேட்டாய்: "வாரண்டிதான் போயிடுச்சே, இனிமே என்ன பயம்?" அந்தக் காகிதத்தை நீயே கிழித்தாய். பொட்டு இரண்டாக உடைந்தது. பலகையைக் கழற்றி, கூலரை மெதுவாக அசைத்து எடுத்தாய். மூன்று தலைகளும் ஒன்றாகக் குனிந்தன. உலோகக் கட்டியின் அடியில், பிராசஸரைத் தொட வேண்டிய இடத்தில், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. சூட்டில் சுருங்கிப் பழுப்பேறியிருந்தது. பொருத்தும் முன் இதை உரிக்கவும் என்று அதன் மேலேயே ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. உரிக்கவில்லை. கடை வாசல் தாண்டிய நாளிலிருந்து அந்தப் பிராசஸர் பிளாஸ்டிக் போர்வைக்குள் வெந்துகொண்டிருந்தது. நீ எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாய். நெடுநேரம் கழுவினாய்.

தாளை உரித்து, பசை வாங்கித் தடவி, திரும்பப் பூட்டினாய். சூட்டு எண் பாதியிலேயே நின்றது. அதற்குப் பிறகு அது ஒருமுறைகூடத் தானாக அணையவில்லை. ஆனாலும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும் என்று நீ பிடிவாதம் பிடித்தாய். பணத்துக்காக இல்லை, அவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று. சாஹா பாபு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "சீலை உடைச்சுட்டீங்க. இதை நீங்களே உள்ளே வெச்சிருக்கலாமே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். சொந்தச் சண்டையைச் செய்தியாக்குவதில்லை என்பது என் வழக்கம், அதனால் பத்திரிகையில் எழுதவில்லை. மெட்ரோவில் டாலிகஞ்ச் வீட்டுக்குத் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ என்னிடம் கேட்டாய்:

"திறந்தா வாரண்டி கிடையாது. திறக்கலைன்னா தப்பு எங்கேன்னு தெரியாது. அப்ப வாரண்டி யாருக்குப்பா?"

இப்போது அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய மேஜையில் நீயே உட்கார்ந்திருக்கிறாய். முதல் காரியமாக என்ன செய்தாய்? ஸ்விட்சைக்கூடப் போடாமல் ரிஜெக்ட் என்றாய். சாஹா பாபுவாவது ஸ்விட்சைப் போட்டார்.

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். விதி என்னுடையது இல்லை, கம்பெனியுடையது. கண்டதையும் நோண்டிக் கெடுத்துவிட்டு வந்து பொய் சொல்கிறவர்கள் நிறையப் பேர். இருக்கட்டும். என்னிடமும் இத்தனை வருஷமாகப் பொய் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், காவல் நிலையத்திலும் தலைமைச் செயலகத்திலும். அதற்காக நான் ஒருத்தரையும் கேட்காமல் எழுதியதில்லை. கேட்டேன், போய்ப் பார்த்தேன், பிறகு பொய் என்றால் பொய் என்று எழுதினேன். திறந்து பார்த்து, ஆசிரியர்தான் கெடுத்தார் என்று தெரிந்தால் மறுத்துவிடு. அப்போது நான் உன் பக்கம். பார்க்காமல் மறுப்பதற்கு விதி என்று பெயர் வைக்காதே. அந்த மனிதர் எதற்காகத் திறந்திருப்பார் என்று உன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? மகள் கம்ப்யூட்டர் அணைந்து அணைந்து போகிறது. வீட்டில் எல்லாரும் அவள்தான் ஏதோ செய்துவிட்டாள் என்கிறார்கள். யாராவது ஒருத்தர் அதைத் திறந்துதானே ஆக வேண்டும்?

இதில் என்னை மிகவும் சுடுவது உன் புதுக் கம்ப்யூட்டர்தான். கையால் திருகினால் திறக்கிற பலகை, உள்ளே எல்லாம் தெரிகிற பக்கம். உனக்கென்று வாங்கும்போது இன்னமும் நன்றாகத்தான் தேர்ந்தெடுக்கிறாய். சூடு வெளியே போக வழி வேண்டும் என்பது உனக்கு மறக்கவில்லை. அது உன் அறைக்கு மட்டும் என்று எப்போது முடிவு செய்தாய்?

அந்தப் பழைய பெட்டியை நாங்கள் இன்னும் வைத்திருக்கிறோம், பரணில். பலகையின் விளிம்பில் பாதிப் பொட்டு கறுத்துப் போய் ஒட்டியிருக்கிறது. அதை உனக்கு அனுப்பலாம் என்று நான் சொன்னேன். உன் அம்மா வேண்டாம் என்றாள். "அவனுக்கு ஞாபகப்படுத்தப் பொருள் வேணும்னா, அவன் மறந்துட்டான்னு அர்த்தம். மறக்கல. வசதியா இருக்கறதால நினைக்கல" என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், ஒரு சொல்கூட மாற்றவில்லை.

ஆகவே இதைச் செய். அந்த டிக்கெட் நம்பரைத் தேடு. ஆசிரியரைக் கூப்பிட்டு, போக வர நீ ஏற்பாடு செய்து, கம்ப்யூட்டரைக் கொண்டுவரச் சொல். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இல்லை, அவர் கண் முன்னால் திற. மகள் வருகிறேன் என்றால் அவளும் வரட்டும், அவளையும் பக்கத்தில் நிறுத்திக் காட்டு. என்ன கிடைக்கிறதோ அதைச் சொல். உன் மேலதிகாரி கேட்டால், எங்கள் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது என்று ஆரம்பி.

துண்டு இங்கே பத்திரமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் போன் செய்வாய். எடுத்தவுடன் உடம்பு எப்படி, மழை உண்டா என்று ஆரம்பிக்காதே. முதலில் அந்த ஆசிரியரின் பெயரைச் சொல். அதற்குப் பிறகு, சாப்பிட்டாயா என்று நான் கேட்கிறேன்.

அப்பா